முதலாளியின் காந்தாரம்

"இதுக்குப் பேசாம ரெண்டு பேரும் காதை அறுத்து வச்சிடலாம்," என்றான் கணவன், கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டே. "இந்தக் கட்டையைத் தொட்டாலே பல்லு கூசுது."

"அவர் குரலோட சேர்த்து வாசிங்க, கூசாது," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் அவர்களுடைய ஸ்டூடியோ. கீழே மெஷின் ஓடாத நேரம் பார்த்துத்தான் பதிவு. அவன் வாசிப்பான், அவள் கம்ப்யூட்டரில் அதையெல்லாம் பாட்டாக்குவாள்.

தொழிற்சாலை முதலாளி ஒருவர் தன் நிறுவனத்துக்காக ஒரு பாட்டு எழுதி, தானே பாடி, குரலை மட்டும் அனுப்பியிருந்தார். இசை சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிடித்துவிட்டால் அந்த நிறுவனத்தின் விளம்பர வேலை முழுவதும் இவர்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டு, கணவன் அவளுடைய அண்ணன் கடையில் போய்ப் பொட்டலம் கட்ட வேண்டியதுதான். அண்ணி ஏற்கெனவே ஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டதாகக் கேள்வி.

முதலாளி போட்டது ஒரே ஒரு நிபந்தனை: 'என் குரலில் கை வைக்கக் கூடாது.'

குரலோ, கேட்டவர் கை வைக்காமல் இருக்க முடியாத குரல். ஏழு ஸ்வரங்களும் அவரிடம் சம்பளம் வாங்குபவைபோல, அவர் நிறுத்திய இடத்தில் நின்றன. காந்தாரம் தன் இடத்துக்குக் கீழே தொங்கியது. பஞ்சமம் எட்டிப் பார்த்தது.

"ஆட்டோடியூன் போட்டுச் சுருதியில நிறுத்திட்டா அரை மணியில வேலை முடிஞ்சிடும்."

"நமக்கு முன்னாடி அப்படிப் போட்ட ஸ்டூடியோவைத்தான் திருப்பி அனுப்பிட்டாரே."

"அப்ப இருக்கிறபடியே விட்டுடலாம்."

"விட்டவங்களையும் அனுப்பிட்டாரு. சுருதி சேரலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒருத்தருக்கு மட்டும் காபி குடுத்து அனுப்பினாராம்."

"நமக்கு அந்தக் காபியும் கிடையாதுன்னு சொல்லு."

அவள் வேறு வழி பிடித்திருந்தாள். கம்ப்யூட்டர் வாத்தியங்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கட்டையும் எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்பதை நாமே ஏற்றி இறக்கி எழுதிக் கொடுக்கலாம். அவள் முதலாளியின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அளந்தாள். அவர் காந்தாரம் எவ்வளவு இறங்கியிருந்ததோ அவ்வளவு பியானோவின் காந்தாரத்தையும் இறக்கினாள். புல்லாங்குழல் முரண்டு பிடிக்கவில்லை. முப்பது வயலின்களில் ஒன்றுகூட ஏன் என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வயலின்களுக்கு வளர்ப்பு நன்றாக இருக்கிறது.

"ஆக, உலகத்துல இருக்கிற சுருதியெல்லாம் தப்பு. அவர் ஒருத்தர்தான் சரி. அதானே?"

"இந்தப் பாட்டு முடியற வரைக்கும்."

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படி அனுசரிச்சுப் போயிருக்கியா?"

"நீங்க விளம்பரம் தர்றீங்களா?"

சிரித்தாள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று சிரிக்கவில்லை. குரலில் ஒரு மயிரிழையைக்கூட அவள் அசைக்கவில்லை. அதனால் இது பொய்யில்லை என்று நேற்றுப் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று பல் துலக்கும்போது மறுபடியும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உண்மையை எதற்கு இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வாயைக் கொப்பளித்து அதையும் சேர்த்துத் துப்பிவிட்டாள்.

சொன்ன நேரத்துக்கு முதலாளி தனியாக வந்தார். கணவன் ஓடிப்போய் இருந்ததிலேயே ஆடாத நாற்காலியைப் போட்டான்.

"போடுங்கம்மா, கேப்போம்."

பாட்டு ஓடியது. நேற்றுவரை வழி தவறிய குழந்தைபோல முழித்துக்கொண்டிருந்த அந்தக் குரல், இப்போது சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோலக் கால் நீட்டி உட்கார்ந்தது. எங்கும் உறுத்தவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

முதலாளி கண்ணைத் திறந்தார். "குரலைத் தொட்டீங்களா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"பின்ன எப்படி இவ்வளவு அழகாச் சேருது?"

மேஜைக்கு அடியில் கணவன் அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"உங்க குரலுக்குத் தகுந்த மாதிரி மத்த வாத்தியங்களைக் கொஞ்சம் மாத்தினேன் சார்."

"கொஞ்சம்னா?"

"எல்லாத்தையும்."

கணவன் கூரையைப் பார்த்தான். அண்ணி துடைத்து வைத்த ஸ்டூல் அங்கே தெரிந்திருக்க வேண்டும்.

முதலாளி கோபப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இசை எதுவும் இல்லாமல், பாட்டின் முதல் வரியை மெல்லப் பாடினார். காந்தாரம் அதன் இடத்தில் ஊசி முனையில் நின்றது. பஞ்சமம் பளிங்கு மாதிரி. கணவனின் வாய் திறந்தபடியே இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து முறையாப் பாட்டுக் கத்துக்கிட்டவன்மா நான். அனுப்பினேனே, அந்த மாதிரித் தப்புத் தப்பாப் பாடறதுக்குள்ள உசிரே போயிடுச்சு," என்றபடி எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க தொழிற்சாலைக் கழிவு ஆத்துல கலக்குதுன்னு ஊரே கூப்பாடு போடுது. அந்தக் கழிவுக் குழாயை நான் தொடறதா இல்ல, சுத்தி இருக்கிறதெல்லாம்தான் அதுக்குத் தகுந்த மாதிரி மாறணும். அந்த வேலைக்குத்தான் ஒவ்வொரு ஸ்டூடியோவா ஆள் தேடிக்கிட்டிருந்தேன், திங்கக்கிழமையே வந்து சேர்ந்திடுங்க!"