நாலு கரண்டி

பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் கைக்குழந்தைக்கு மூன்று முறை வலிப்பு வந்துவிட்டது.

"பால்மா எத்தனை கரண்டி போடுறனீங்கள்?" என்று கேட்டார் டொக்டர் பிரியாந்தினி.

"டின்ல போட்டிருக்க மாதிரியே நாலு கரண்டிங்க" என்றாள் தாய் இராஜகுமாரி.

"பொய் சொல்லாதேங்கோ. பால் வெறும் தண்ணியாப் போய், ரத்தத்தில உப்புக் குறைஞ்சிட்டுது. அந்தத் தண்ணி மூளைக் கலங்களுக்குள்ள இறங்கி, மூளையே வீங்கிப்போச்சு."

இராஜகுமாரிக்கு ஆத்திரமாக வந்தது. "சாமி சத்தியமா நாலு கரண்டிதாங்க!"

அந்நேரம், வெளியே காத்திருந்த அவள் புருஷன் யுகேஷ் இன்னொரு கைக்குழந்தையோடு ஓடிவந்தான். "குமாரி, மத்தவனுக்கும் வலிப்பு வந்திருச்சு!"

டொக்டர் திடுக்கிட்டார். "ரெட்டைப் பிள்ளையளோ? அப்ப அந்த நாலு கரண்டி?"

இராஜகுமாரி யுகேஷின் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு போத்தலுக்கும் சேத்துங்க."