பல்லில்லாத கிராப்

முதலில் பேச்சை நிறுத்தியது வைகுண்டராஜ்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாங்காய் மண்டியில், ஏலம் நடக்கிற நேரத்தில், என் பஞ்சவர்ண மாம்பழம் ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்தான். "இது கல் வச்சுப் பழுக்க வச்சதுல்லா?" என்றான். அத்தனை வியாபாரியும் திரும்பிப் பார்த்தார்கள். கார்பைடு கல்லை என் கை தொட்டதே கிடையாது. சொன்னவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அய்யனார் கோவில் போகிற வழியில் எங்கள் தோப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வேலிதான்.

இந்தக் கோடையில் அடித்த காற்று மழையில், அந்தப் பழம் காய்த்த அதே பஞ்சவர்ண மரம் சாய்ந்துவிட்டது. ஒரு பக்க வேர் மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் விறகுக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. என் பழம் கல் படாத பழம் என்பதற்கு அந்த மரம்தான் சாட்சி. அது போய்விட்டால் அவன் சொன்ன பேச்சுதான் நிற்கும்.

மரத்தை நிமிர்த்தச் செயின் போட்ட சின்ன லோடர் வேண்டும். டயர் வண்டி ஈர மண்ணில் புதைந்து வேரை நசுக்கிவிடும். செயின் வண்டி இந்தப் பக்கம் ஒருத்தனிடம்தான் இருக்கிறது. யாரென்று சொல்லவும் வேண்டுமா?

செட்டியார்பட்டியில் இருக்கும் அவன் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் டிரைவர் எட்வின் நின்றான். உள்ளே நாற்காலியில் அவன்.

லோடரின் முன்னால் மாட்டுகிற கிராப்புகள் தரையில் கிடந்தன. மரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைகள். இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன். முதலை வாய் மாதிரி பல் இருந்தது.

"எட்வின், இந்தப் பல்லு வச்சதுதான் வேணும்னு ஒன் மொதலாளிட்ட சொல்லு."

"அண்ணாச்சி, அவியளுக்குத்தான் கேக்குதே."

"நீ சொல்லுலே."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எட்வின், மரம் என்ன பருமன்னு கேளு."

"கட்டிப்பிடிச்சா கை சேரும்னு சொல்லு."

"அவரு கைக்கா, சரியான ஆம்பளை கைக்கான்னு கேளு."

வேலை ஆக வேண்டுமே. அதை விழுங்கிக்கொண்டு, காலையில் வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. முன்னால் மாட்டியிருந்தது நான் காட்டிய கிராப் இல்லை. அதில் பாதிகூட இருக்காது. ஒரு பல் கிடையாது. வாய் முழுக்கப் பழைய டயர் ரப்பரைக் கம்பி போட்டுச் சுற்றியிருந்தது, கட்டுப் போட்ட கை மாதிரி.

"என்னலே இது? நான் கேட்டது எங்க?"

"மொதலாளி இதைத்தான் மாட்டச் சொன்னாக, அண்ணாச்சி."

"பல்லுபோன கெழட்டுக் கிராப்பை எனக்கு அனுப்புதானா? இந்த மரம் நிமிரக் கூடாதுன்னு நெனைக்கான். நிமிந்துட்டா அவன் சொன்னது பொய்யாப் போயிரும்லா?"

எட்வின் எனக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வைகுண்டராஜ் நின்றுகொண்டிருந்தான்.

எல்லாம் கேட்டிருப்பான். வேலியைத் தாண்டி வந்தான். மரத்துப் பக்கத்தில் குத்தவைத்து, அடிமரத்தைத் தடவிப் பார்த்தான்.

"எட்வின், கொப்பெல்லாம் கழிச்சாச்சான்னு கேளு."

"நேத்தே கழிச்சாச்சுன்னு சொல்லு."

"அப்ப வேரு மேல ஏறாம அந்தப் பக்கமா வா. கவட்டைக்குக் கீழ பிடி. இறுக்காத."

கிராப் மரத்தைக் கவ்வியது. வண்டி நகர நகர மரம் மெல்ல எழுந்தது. அவன் விரலை மட்டும்தான் அசைத்தான். விரலைத் தூக்கினால் வண்டி தூக்கும், மடக்கினால் நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்க வைத்தான். எனக்கு ஆகாதவன்தான். ஆனால் வேலை தெரிந்தவன்.

அந்தப் பக்கம் அவன் கழியை முட்டுக் கொடுத்தான், இந்தப் பக்கம் நான் கொடுத்தேன். கிராப் வாயைத் திறந்தது. ஓடிப்போய் மரத்தைப் பார்த்தேன். பட்டையில் ஒரு கீறல் இல்லை. பால் ஒரு சொட்டு வடியவில்லை.

எட்வின் இறங்கி வந்து என் காதோரம் சொன்னான்.

"நீங்க கேட்ட கிராப் பட்டையை உரிச்சிருக்கும், அண்ணாச்சி. மரம் நிமிந்தாலும் பட்டுப் போயிருக்கும். அது கனம் வேற. அதைத் தூக்கவே வண்டிக்குப் பாதிப் பெலம் போயிரும்."

"அதுக்காக இந்தக் கெழட்டுக் கிராப்பா?"

"கெழடா? இந்த வருசம்தான் வாங்கினோம். காத்தடிச்ச மறுநாளே மொதலாளி வேலியோரம் நின்னு ஒங்க மரத்தைப் பாத்தாக. நேரா ஷெட்டுக்கு வந்து, இதோட பல்லை எல்லாம் அறுத்துட்டு ரப்பரைச் சுத்தச் சொன்னாக. நீங்க வந்து கேக்கதுக்கு முன்னாடியே."

கிராப்பில் சுற்றியிருந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன்.

வைகுண்டராஜ் மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"ஒன் பழத்துக்கு எதுக்குக் கல்லு?" என்று மரத்திடம் சொன்னான். "அன்னைக்கு நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

மரம் தழைத்துக் காய்த்தால் முதல் பழம் அவனுக்குத்தான். ஆனால் எட்வின் கையில்தான் கொடுத்தனுப்புவேன். ஏனென்றால், அந்த வார்த்தையை அவன் மரத்திடம்தான் சொன்னான்.

எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.