மூன்றாவது அலாரம்

மூன்றாவது முறை அலாரம் அடித்தபோது தாசில்தார் பஞ்சநதம் என் எதிரிலேயே நின்றிருந்தார்.

தாலுகா ஆபீஸ் சர்வர் ரூம் சுவரில் நான் மாட்டியிருந்த சின்னப் பெட்டி அது. அறையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் கத்தும். பெரிய கம்பெனிகள் நாற்பதாயிரம் சொல்வதை நான் தொள்ளாயிரத்துக்குத் தருகிறேன். அதனாலேயே அவருக்குச் சந்தேகம்.

பத்து நாள் சோதனை. இன்று கடைசி நாள்.

முதல் இரண்டு அலாரமும், பியூன் வேம்பு அண்ணன் ஏசி காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டதால் அடித்தவை. ஆனால் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் தாசில்தார் இரண்டு முறையும் சிவப்பு மையில் 'பொய்' என்று எழுதிவிட்டார். மூன்றாவது பொய்யும் விழுந்தால் நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு மனமில்லை. எத்தனையோ ஆட்சி மாறி, என் அப்பா வீரையன் நிலப் போராட்டத்தில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வாங்கிய ஒரு மா நிலத்தின், அந்த முப்பத்து மூன்று சென்ட்டின், பட்டா இந்த சர்வரில்தான் இருக்கிறது. அந்த நிலத்தில் இப்போது ஆற்றுத் தண்ணீர் வராமல் நாற்று கருகிக்கொண்டிருக்கிறது. பட்டாவுக்காவது ஒரு காவல் வேண்டாமா?

ஈரப்பதம் எழுபத்திரண்டு என்று காட்டியது. கதவு சாத்தித்தான் இருந்தது.

"மேட்டூர் தெறந்து ஒம்பது நாளாச்சு, பின்னால வாய்க்கால்ல இன்னும் ஆடு படுத்துக் கெடக்கு. இந்த ஊர்ல ஈரம் எங்கேம்மா இருக்கு?" என்றார் தாசில்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தபடி.

நான் ஏசியைக் காட்டினேன். அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி, சர்வருக்கு ஒரு சாண் தள்ளித் தேங்கியிருந்தது. வெளியே போகும் குழாய் அடைத்திருக்க வேண்டும்.

வேம்பு அண்ணன் பார்க்கப் போனார். திரும்பவில்லை.

தாசில்தார் போனார். அவரும் திரும்பவில்லை.

நான் சொட்டுக்கு வாளி வைத்துவிட்டு, இருவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்பக்கம் போனேன்.

தாசில்தார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் நின்றிருந்தார். கையில் செருப்பு. முழங்கால் வரை செந்நிறத் தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது. வேம்பு அண்ணன் அதை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் ஏசி மாட்டியவர்கள், வறண்ட வாய்க்கால்தானே என்று குழாயை அடிவரை தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் வாய் இப்போது தண்ணீருக்குள் இருந்தது; ஏசி தண்ணீர் வெளியேற வழியில்லை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அப்பா, நாத்து பொழச்சிடுச்சு" என்று போனில் கத்தினேன்.

வேம்பு அண்ணன் ரம்பத்தால் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு அரையடி மேலே அறுத்துவிட்டார்.

தாசில்தார் ஈரக்காலோடு வந்து உட்கார்ந்து பதிவேட்டை இழுத்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பச்சை மையில் பெட்டிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்:

'காவிரி வந்துவிட்டது.'