வெள்ளை மூடியில் நீலக் கறை

"போகுதாம்மா?"

"இல்லண்ணே. ஸ்பிரிட் போட்டும் போகலை."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். புதுக் கருவியின் வெள்ளை மூடியில் சிந்திய இந்தச் சாயக் கறை நகரவில்லை. தேய்த்த தேய்ப்பில் அந்தப் பெண் விரிவுரையாளரின் விரல்கள்தான் நீலமாயின. பக்கத்தில் நின்ற லேப் உதவியாளருக்கும் வியர்த்துக் கொட்டியது. துறைத்தலைவர் லீவு போட்ட நாட்களில் சாவி கொடுத்தவர் அவர்தானே.

பல்கலைக்கழகத்துக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வந்து பார்க்கும்வரை புதுக் கருவியை யாரும் தொடக் கூடாது என்பது துறைத்தலைவரின் உத்தரவு. வாங்கி வருஷம் ஒன்றாகியும் மேலே பிளாஸ்டிக் உறை. சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தமாக்க வழி தேடும் அவளுக்கோ அதை விட்டால் வேறு கதியில்லை. திருட்டுத்தனமாகத்தான் பயன்படுத்தினாள். அவளுடையது தற்காலிக வேலை. மாட்டினால் வேலையும் போச்சு, ஆராய்ச்சியும் அம்போ.

"வந்துட்டாங்கம்மா!"

அவசரமாக உறையை மூடினாள்.

குழுவின் தலைவி உள்ளே நுழைந்ததும் துறைத்தலைவர் பெருமையாக உறையை விலக்கினார். அவர் முகம் செத்துப்போனது.

"யார் பார்த்த வேலை இது?"

உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை மாட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் சார்."

தலைவி குனிந்து கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து எத்தனையோ லேப் பார்த்துட்டேன். எல்லாம் கடையில இருக்கற மாதிரி பளபளன்னு இருக்கு. யாரோ வேலை செஞ்ச மெஷினை இப்பதான் பார்க்கறேன்."

துறைத்தலைவர் கண்மூடித் திறப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"நான்தாங்க தாராளமா பயன்படுத்தச் சொன்னேன். கருவி வாங்கறதே ஆராய்ச்சிக்குத்தானே?"

குழு கிளம்பியதும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஊரார் முன்னால் சிரித்தவர், தனியாகச் சீட்டைக் கிழிக்கப் போகிறார்.

"கதவைச் சாத்துங்க."

சாத்தினாள்.

"அந்த நீலச் சாயம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு சார்."

"நல்லதாப் போச்சு. மாடி லேபை அவங்க நாளைக்குத்தான் பார்க்கறாங்க. அங்க இருக்கற ஒவ்வொரு மெஷின்லயும் கொஞ்சம் தெளிச்சுவிட்டுட்டு, பழையபடி பூட்டிடுங்க."