வளைவோரம் ஏழு குடிசை

காலை பத்து மணிக்குள் ஏழு குடிசையையும் பிடுங்கி எறிந்துவிட்டார் இராஜாங்கம். கூரை, சுவர், வாசலில் கட்டியிருந்த ஆடு, எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கூச்சல் இல்லை, ஒரு அழுகை இல்லை.

எப்படி இருக்கும்? ஒவ்வொரு குடிசையும் தீப்பெட்டி அளவுதானே! எல்லாம் அவரே வைக்கோலும் அட்டையும் ஒட்டிச் செய்தவை. அவை இருந்த இடத்தில் கோந்தைத் தடவி, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவினார். நடவு முடிந்த வயல் மாதிரி ஆகிவிட்டது.

மாடி ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தப் பலகை மேடை அவருடைய பதினைந்து வருஷ உழைப்பு. மாயவரம் தரங்கம்பாடிப் பாதையில் இருக்கும் அவர்கள் ஊர் ஸ்டேஷனும், சுற்றியுள்ள அவருடைய பண்ணையும் அப்படியே சின்ன அளவில். பினாங்கிலிருந்து சிநேகிதர் பக்கீர் முகம்மது வாங்கிவந்து கொடுத்த எஞ்சின் கரண்டில் ஓடும். மற்ற மிராசுதார்கள் சீட்டாடினார்கள், கச்சேரிக்குப் போனார்கள். இவருக்கு இந்த ரயில்தான் பைத்தியம்.

புது ஆட்சி கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நிலம் யாருடையதானாலும், குடிசை போட்டுக் காலங்காலமாகக் குடியிருப்பவனுக்கே மனைக்கட்டு சொந்தமாம்! ரயில் வளைவோரம் இருக்கும் ஏழு பண்ணையாள் குடும்பமும் மனு போட்டுவிட்டன.

சட்டம் வந்த பிறகுதான் புகுந்தார்கள் என்று காட்டிவிட்டால் ஏழு பேரையும் கிளப்பிவிடலாம். மேடையைச் செய்து முடித்து அஞ்சு வருஷம் ஆகிறது. அதில் குடிசை இல்லையென்றால் அப்போது ஊரிலும் குடிசை இல்லை. அதுதான் அவர் போட்ட திட்டம்.

மனுவை விசாரிக்கப் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார் துரைராசுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மனு போட்டவர்கள் சார்பில் வந்த காளியம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அந்தம்மாவும் மேல வரட்டும்" என்றார் தாசில்தார். இராஜாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்துவைத்தார்.

மேடையைப் பார்த்ததும் தாசில்தார் அசந்துபோனார். "அடேயப்பா! கூட்ஸ் ஷெட்டு, தண்ணித் தொட்டி, மணிக்குப் பதிலா தொங்குற தண்டவாளத் துண்டு... எல்லாம் இருக்கே!"

"டிக்கெட் ஜன்னல் கம்பிய எண்ணிப் பாருங்க சார். அங்க அஞ்சு, இங்கயும் அஞ்சு." இராஜாங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

அது வளைவை நெருங்கும்போது, "இங்க ஊதணுமே" என்றார் தாசில்தார்.

"அட, ஆமாங்க! நாலு மணி வண்டி அங்கதான் ஊதும். சாருக்கு எப்படித் தெரியும்?"

"வளைவுன்னா ஊதத்தானே செய்வான்."

நமக்கேற்ற ஆள்தான் என்று இராஜாங்கம் நினைத்துக்கொண்டார்.

காளியம்மாள் எட்டி நின்று பார்த்தாள். நாற்பது வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்தவள், மாடி ஏறியது இன்றைக்குத்தான். வெகுநேரம் தேடினாள்.

"புளியமரம் இருக்கு, களம் இருக்கு, பண்ணை மாடுகூட நிக்கிது. எங்களத்தான் காணும்" என்றாள். "எங்ககிட்ட காயிதம் ஒண்ணும் இல்லீங்க சாமி. அந்த எடத்த வுட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல."

"குடிசை இருந்தாத்தானே வைக்கிறதுக்கு!" என்று பாய்ந்தார் இராஜாங்கம்.

"பொம்மைதானேங்க. ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்ல?" என்றார் தாசில்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார் மனுஷன். ஆனால் பொம்மை என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"பொம்மையா? அளந்து அளந்து செஞ்சது சார்! இல்லாதத வச்சதில்ல, இருக்கிறத விட்டதில்ல. ரயில் போட்ட நாள்லேருந்து அந்த வளைவுல ஒரு குடிசை கெடையாது. எழுதியே தரேன்!"

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாசில்தார் இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இராஜாங்கத்துக்கு அப்பாடா என்று இருந்தது.

தாசில்தார் குனிந்து, வளைவோரத்துப் பச்சையில் விரலை ஊன்றினார்.

"அப்ப நான் பொறந்த வீடு எங்கங்கய்யா?"