மொட்டைக் கடுதாசி

முப்பது ஆண்டுகளாக நிலம் அளந்துவரும் பெரியவரிடம் அதற்கான உரிமம் கிடையாது என்பதை அவர் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது அங்கே எழுதாச் சட்டம்.

அன்று கூடத்தில் ஓர் அதிகாரி, மொட்டைக் கடுதாசியும் கையுமாக அமர்ந்திருந்தார்.

"உரிமம் இல்லாம அளந்தா ஆறு மாசம் ஜெயில், பெரியவரே. முதல் தடவைங்கிறதால எச்சரிக்கையோட விடறேன். இனிமே அளவு நாடாவைத் தொடாதீங்க."

அதிகாரி படியிறங்கியதும் பெரியவர் கொதித்தார்.

"எந்தப் படுபாவி என் வயித்துல அடிச்சான்?"

மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"நான்தாங்க. வெயில்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்தீங்க. டாக்டர் பேச்சையும் கேட்கல, என் பேச்சையும் கேட்கல. முதல் தடவை ஜெயில் இல்லைன்னு விசாரிச்சுட்டுத்தான் எழுதிப்போட்டேன்."

"மெதுவாப் பேசுடி, பக்கத்து வீட்டுல கேட்கும்!"

அவள் ஜன்னலை விரியத் திறந்தாள்.

"நல்லாக் கேட்கட்டும். எங்க வீட்டுக்காரருக்கு உரிமம் கிடையாது!"