இருமினால் போதும்

மைக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பேசிக்கொண்டிருந்த அமைச்சரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தான் போஹுஷ்.

பொத்தானை விட்டதும் அதே அமைச்சரின் பேச்சைத் தேன் ஒழுக ஸ்லோவாக் மொழியில் சொன்னான்.

தும்மல் வந்தாலும் தண்ணீர் குடித்தாலும் அழுத்துவதற்கென்று வைத்த பொத்தான் அது. அழுத்தியிருக்கும்வரை கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது.

மொழிபெயர்ப்பாளர் பிழைப்பு அப்படி. பேசுகிறவர் 'நான்' என்றால் இவர்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். சொந்த வயிற்றெரிச்சலுக்கு அங்கே இடமில்லை.

பக்கத்து நாற்காலியில் ஜெல்மீரா சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அடுத்து அவள் முறை. ஐரோப்பிய அமைச்சர்கள் கூட்டத்தின் தலைவர் முடிவை அறிவிக்கும்போது அவள் குரல்தான் ஒலிக்கும். பிரஸ்ஸல்ஸிலிருந்து நேராக அவளுடைய ஊர் உருக்காலையின் கேன்டீன் டிவிக்கு.

அந்த கேன்டீனில் அவள் தம்பி ராஸ்தோ உட்கார்ந்திருந்தான். எதிரே ஆஸ்திரியாவிலிருந்து ஆள் எடுக்க வந்தவர். அங்கே புதிய மின்சார உலையில் ஒரே ஓர் இடம் பாக்கி. ஒளிபரப்பு முடிந்ததும் யாரையாவது கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

ராஸ்தோவுக்குப் போக மனமில்லை. மனைவி மாசமாக இருக்கிறாள். வீட்டுக்கு இப்போதுதான் கூரை போட்டிருக்கிறான். ஊர் உலை நிலைக்கும் என்றால் அவன் எதற்குப் போக வேண்டும்? அணையும் என்றால், அந்த ஊரில் அவனுக்கு வேறு பிழைப்பே கிடையாது.

இடைவேளையில் போன் செய்திருந்தான்.

"அக்கா, நிலக்கரி உலைய மாத்தக் காசு தராங்களா, கழுத்தறுக்கிறாங்களா?"

"உள்ள நடந்தத வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வேலை பாக்குறேன்டா. கேக்காத."

"நீ வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். கெட்ட சேதின்னா டிவியில நடுவுல ஒரு தடவை இருமு. இருமினா போதும். நிலக்கரியச் சுடுற கோக் அடுப்புல வேலை பாக்குறவனுக்கு இருமல் பாஷை தெரியாதா?"

"போடா எருமை" என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். காலையில் கதவை மூடிக்கொண்டு நடந்த பேரத்தையும் அவள்தானே மொழிபெயர்த்தாள்.

உலகப் பருவநிலை மாநாட்டுக்குக் கொண்டுபோக ஐரோப்பாவுக்கு ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. இவ்வளவு கரும்புகையைக் குறைக்கிறோம் என்று மார்தட்டிக்கொள்ள. ஒரு நாடு கார்களுக்குச் சலுகை கேட்டது, இன்னொன்று சிமென்ட்டுக்கு. கொடுத்து வாங்கியதில் பழைய உலைகளை மாற்றுவதற்கான பணம் பறிபோனது.

உலகச் சந்தைப் போட்டியில் நிற்க முடியாத உலைகள் தாமாகவே அணைந்துவிடும், அந்தப் புகையும் நம் கணக்கில் குறைந்துவிடும் என்றார் ஒருவர். சுற்றிலும் தலைகள் ஆடின. இதில் எனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார் அந்த மனிதர். அந்த 'எனக்கு'வையும் அவள்தான் சொன்னாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி ஊரே பார்க்கும்.

கூட்டத் தலைவர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். எந்த உருக்காலை ஊரையும் நாங்கள் கைவிட மாட்டோம் என்றார். பாவி மனிதர், அதை எவ்வளவு அழகாகச் சொன்னார்!

அதே வாக்கியத்தை ஜெல்மீரா அவளுடைய ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காத குரலுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

யாராவது கண்டுபிடித்தால் வேலை போகும். இந்தக் கட்டடத்துக்குள் இனி காலெடுத்து வைக்க முடியாது. போனால் போகட்டும், தம்பியைவிட இது என்ன பெரிய வேலை.

இருமினாள்.

பொய்யாகத் தொடங்கியது நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வாக்கியம்வரை பிசகாமல் சொல்லி முடித்தாள்.

விளக்கு அணைந்தது. கீழே அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து முதல்முறையாக, தான் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. ராஸ்தோவின் குறுஞ்செய்தி.

"நீ இருமவே இல்ல அக்கா! கேன்டீனே கை தட்டுச்சு. அந்த இடத்த என்கூட வேலை பாக்குற ரூடோவுக்கு விட்டுக் குடுத்துட்டேன். கையெழுத்துப் போட்டு அந்த ஆளோட கார்லயே கிளம்பிட்டான். ஈஸ்டருக்கு வந்து நம்ம வீட்டுக் கூரையப் பாரு."

மறுபடியும் படித்தாள். இருமினேனே? தொண்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

போஹுஷ் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அடேயப்பா, என்னா இருமல் ஜெல்மி! அந்த நிலைமையிலயும் உன் விரல் தானா பொத்தானுக்குப் போச்சு பாரு. ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போகலியே. பழக்கம்னா சும்மாவா!"